பதினோரு காயம்

“மொதல்ல எனக்குக் கெடுதல் செஞ்சது தோட்டத்துல கணக்கு எழுதுன கிராணி தாமோதரம்” என்றேன்.

“கடைசியா?” என்று டீச்சர் கேட்டார்.

“நீங்க.”

படம் மாட்டுகிற ஏணியின் கீழ்ப்படியில் உட்கார்ந்து அவர் ரொட்டி தின்றுகொண்டிருந்தார். தின்பதை நிறுத்தவில்லை.

“நடுவுல எத்தன பேரு?”

“நெறைய பேரு. அது இப்ப வேணாம்.”

“சரி. நான் என்ன செஞ்சேன், சொல்லுங்க பகதூர் அங்கிள்.”

“என் பேரு பகதூர் இல்ல.”

அவர் என் சட்டைப் பையைப் பார்த்தார். அதில் பகதூர் என்றுதான் தைத்திருந்தது. எனக்கு முன்னால் அந்தக் கலைக்கூடத்தில் ஜாகாவாகக் காவல் இருந்த நேப்பாளக்காரனின் சட்டை அது. அவன் ஊருக்குப் போய்விட்டான். சட்டை நின்றுவிட்டது. அந்தச் சட்டைக்குள் நான் வந்தேன்.

“ஒரு மாசமா அப்படித்தான கூப்புடுறேன். ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல?”

“யாரும் கேக்கல.”

டீச்சரின் பெயர் நவமணி. ஓவியக் கல்லூரியில் சொல்லிக்கொடுப்பவர் என்பதால் எல்லோருக்கும் டீச்சர். என் மகள் வயது. எனக்கு எழுபத்திரண்டு. படித்தது மூன்றாம் வகுப்பு.

அந்த மண்டபத்தில் இருந்ததெல்லாம் அவர் வைத்த பொருள்கள். வெள்ளைக்காரன் தோட்டங்களிலிருந்து பொறுக்கிக்கொண்டு வந்தவை. ரப்பர் பால் பிடிக்கிற மங்குகள், உடைந்தது பாதி. துரை பங்களாவின் சாப்பாட்டு மணி. ஒரு கண்ணாடிப் பெட்டிக்குள் மரம் வெட்டிப் பால் எடுக்கிற உளி, துருப்பிடித்து.

நடுவில் ஆள் உயரத்துக்கு ஒரு ரப்பர் மரத்துண்டு.

அதன் பக்கத்தில் அட்டை. மூன்று மொழியில் எழுதியிருந்தது. தமிழ் கடைசியில், சின்னதாக. எழுத்துக் கூட்டிப் படித்தேன்.

தோல். ஆக்கம்: நவமணி. ரப்பர் மரம், உளிக் காயங்கள். வெட்டிய கை: பெயர் தெரியாத கூலி.

“அது எங்கம்மா மரம்” என்றேன். “பேரு தெரியாத கூலி இல்ல. அங்கம்மா. எழுதுங்க.”

“எப்படித் தெரியும்?”

“நாலாம் நம்பர் காடு. கோயிலுக்குப் பின்னாடி ரெண்டு கவையா நின்ன மரம். மத்த மரத்தையெல்லாம் தள்ளி மறுநடவு செஞ்சப்ப, சாமி மரம்னு இத மட்டும் விட்டுட்டாங்க. வலப்பக்கம் ஒரு ஆணி உள்ள போயிருக்கும். விளக்கு மாட்ட எங்கப்பா அடிச்சது.”

டீச்சர் எழுந்து போனார். மரத்தின் வலப்பக்கம் விரலால் தடவினார். விரல் நின்றது.

“ஆணி இருக்கு.”

“இருக்கும்.”

“வெள்ளிக்கிழமை இது பெட்டி கட்டி லண்டனுக்குப் போவுது.”

“தெரியும். அதான் இன்னிக்கு வாயத் தொறந்தேன். எங்க தோட்டத்துக் கம்பெனிக்கு அதுதான் ஊரு. அங்கயும் போயி எங்கம்மா பேரு தெரியாத கூலின்னு நிக்கணுமா? உங்க பேரு மட்டும் மேல பெருசா இருக்கு.”

“ஆமா” என்றார் டீச்சர்.

சண்டைக்கு வருவார் என்று நினைத்திருந்தேன். அவர் திரும்பிப் போய் ஏணிப்படியில் உட்கார்ந்தார்.

“கிராணி என்ன செஞ்சாரு?”

அறுபது வருடமாக நான் சொல்லிவரும் கதை அது. மனைவியிடம், மகளிடம், கூட லாரி ஓட்டியவர்களிடம், கோயில் கமிட்டியிடம். மனைவி இறக்கும்போதுகூட அதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தேன் என்று மகள் குறைப்படுவாள். டீச்சரிடமும் அப்படியே சொன்னேன்.

“பட்டைக்கும் மரத்துக்கும் நடுவுல பூண்டுத் தோல் கனம் விட்டு வெட்டணும். அதத் தாண்டினா உளி மரத்துல பட்டுரும். மரம் அத மறக்காது. அந்த எடம் முடிச்சா வீங்கிரும். அதுக்குப் பேரு காயம். எங்கம்மா பன்னண்டு வருசத்துல ஒரு காயம் போட்டதில்ல.”

“ம்.”

“ஒரு நாளு கிராணி வந்தான். மரத்துக்கு மரம் குத்திப் பாத்தான். கோயில் மரத்துக்கிட்ட நின்னு எண்ணினான். பதினொண்ணுன்னு சத்தமாச் சொன்னான். பொய். அங்கம்மா, கெட்ட வெட்டுன்னு பொஸ்தகத்துல எழுதினான். மறுநாள் விடியக்காலம் எல்லாரையும் வரிசையா நிறுத்துற பெரட்டுல பேரு கூப்புடுறப்ப, எங்கம்மாவ மருந்தடிக்கிற கூட்டத்துல கூப்புட்டான்.”

“என்ன மருந்து?”

“புல்லு சாவுற மருந்து. மாடு அதத் தின்னாலும் சாவும். கையில ஒண்ணும் மாட்டிக்கக் குடுக்கல. ஒன்றரை வருசம் அடிச்சா. உள்ளங்கைத் தோலு உரிஞ்சு வந்துருச்சு. சோறு பெசைய முடியாது. நாந்தான் ஊட்டினேன். அப்புறம் ஊட்டவும் வேண்டியதில்லாமப் போச்சு.”

டீச்சர் ரொட்டியைத் தாளில் சுற்றிக் கீழே வைத்தார்.

“நாடு சொதந்தரம் வாங்கி அஞ்சு வருசம் ஆயிருந்துச்சு. எங்க தோட்டத்துல கொடி மட்டும் மாறுச்சு. துரையும் மாறல, கிராணியும் மாறல.”

“கிராணி இப்ப?”

“செத்து முப்பது வருசம் ஆச்சு. எழவுக்குப் போயி வாசல்லயே நின்னேன்.”

“எதுக்கு?”

“செத்தது அவன்தானான்னு பாக்க.”

டீச்சர் சிரிக்கவில்லை. “அவரு எண்ணுனப்ப நீங்க எங்க இருந்தீங்க?” என்று கேட்டார்.

அறுபது வருடத்தில் யாரும் இதைக் கேட்டதில்லை.

“அங்கதான். மங்கு தொடச்சுக்கிட்டு இருந்தேன்.”

அவர் போய் ஒரு பெரிய தாளும் ஒரு கரிக்கட்டியும் எடுத்துவந்தார்.

“அட்டைய மாத்துறேன். ஆனா தப்பா எழுதமாட்டேன். தாள மரத்துமேல வச்சுக் கரியத் தேய்ங்க. அடியில இருக்கிறது மேல வரும். உங்கம்மா வெட்டு எப்படின்னு எனக்குக் காட்டுங்க.”

“எனக்குப் படம் வரையத் தெரியாது.”

“தெரிஞ்சா குடுத்திருக்கமாட்டேன்.”

*

புதன்கிழமை தேய்த்தேன்.

கரியை வலது கையில் பிடித்தேன். தாளில் எது செய்தாலும் அந்தக் கைதான் என்று பள்ளிக்கூடத்துப் பிரம்பு எனக்குச் சொல்லிக்கொடுத்திருந்தது.

பட்டை மறுபடி மூடி வளர்ந்திருந்தாலும் பழைய வெட்டுகள் தாளில் வந்தன. இடது மேலிருந்து வலது கீழாகச் சாய்ந்து, வரிக்குமேல் வரி. எண்ணெய் வைத்துச் சீவிய தலைபோல.

அம்மா தலையைப் பார்த்து எத்தனை வருடம்.

கண்காட்சி பார்க்க வந்த ஒரு சீனப் பெண் என்னைப் படம் எடுத்தாள். டீச்சரிடம் மலாயில் ஏதோ கேட்டுவிட்டுப் போனாள்.

“என்ன கேட்டுச்சு அந்தப் பொண்ணு?”

“நீங்களும் காட்சியில சேர்த்தியான்னு கேட்டுச்சு.”

“நீங்க என்ன சொன்னீங்க?”

“இன்னும் தெரியலன்னு சொன்னேன்.”

தாளை அவரிடம் நீட்டினேன். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

“நல்ல கை” என்றார்.

“எங்கம்மா கை.”

“இங்க வெள்ளையா விட்டிருக்கீங்களே, இது என்ன?”

வரிகள் முடியும் பக்கத்தில், கீழ்மூலையில், கரி படாமல் சில இடங்கள் இருந்தன. சின்னச் சின்ன வெள்ளை.

“அங்க ஒண்ணும் இல்ல.”

டீச்சர் மரத்துக்குப் போனார். கண்ணை மூடிக்கொண்டு அந்தப் பக்கம் கையை வைத்தார். மேலிருந்து கீழே இறக்கினார்.

“ஒண்ணுமில்லாத எடத்துல என் கை இடிக்குது.”

“பழைய மரம். என்னென்னவோ இருக்கும்.”

“இருக்கிறதத்தான் கேட்டேன்.”

தாளை என்னிடமே திருப்பிக் கொடுத்தார். புதுத் தாள் கேட்டேன்.

“இதுலயே தேய்ங்க. தாண்டிப் போன எடத்த மட்டும்.”

அன்று நான் தேய்க்கவில்லை. வீட்டுக்குப் போனேன். மகள் சோறு வைத்தாள். மரத்தைப் பற்றி அவளிடம் சொல்லவில்லை. கிராணியைப் பற்றிச் சொன்னேன். “ஆரம்பிச்சாச்சு” என்று அவள் உள்ளே போய்விட்டாள்.

*

வியாழக்கிழமை, மண்டபம் திறக்குமுன் போனேன். தாளை மரத்தில் வைத்து, தாண்டிப் போன இடத்தில் தேய்த்தேன்.

முடிச்சுகள் வந்தன. கறுப்பாக, உருண்டையாக, ஒன்றன் கீழ் ஒன்றாக.

தரையில் உட்கார்ந்து எண்ணினேன். மறுபடி எண்ணினேன். டீச்சர் வந்து எனக்குப் பின்னால் நின்றது தெரியாது.

“எத்தன?”

அவர் குனிந்து விரல் வைத்து எண்ணினார்.

“பதினொண்ணு.”

மேலே சுற்றிக்கொண்டிருந்த காற்றாடியைப் பார்த்தேன்.

“கிராணி பொய் சொல்லல, ஐயா.”

“அப்ப எங்கம்மா கெட்ட வெட்டுன்னு நீங்களும் சொல்றீங்க.” என் குரல் மண்டபத்தில் இடித்துத் திரும்பி வந்தது. “அவனுக்கும் உங்களுக்கும் என்ன வித்தியாசம்? அவன் கோடு போட்ட பொஸ்தகத்துல எழுதினான். நீங்க அட்டையில எழுதுறீங்க. அவன் எங்க பால வித்தான். நீங்க எங்க காயத்த விக்கிறீங்க.”

“இருக்கலாம்” என்றார் டீச்சர்.

அதற்கும் சண்டைக்கு வரவில்லை. அவரிடம் எனக்குப் பிடிக்காதது அதுதான்.

“நான் உங்கம்மாவ ஒண்ணும் சொல்லல. இந்த வரியெல்லாம் ஒரே சீரா வருது. இங்கிட்டுப் பாருங்க. காயம் எல்லாம் வெட்டு முடியுற எடத்துல. ஒண்ணுகூட நடுவுல இல்ல. ஆரம்பத்துல இல்ல. ஏன்?”

“தெரியாது.”

“நெசமாவா?”

“தெரியாதுன்னு சொல்றேன்ல.”

அவர் போய்க் கண்ணாடிப் பெட்டியைத் திறந்தார். உளியை எடுத்துவந்தார். பிடியை என் பக்கம் திருப்பி நீட்டினார்.

“பிடிங்க.”

வாங்கினேன்.

டீச்சர் என் முகத்தைப் பார்க்கவில்லை. கையைப் பார்த்தார்.

நானும் பார்த்தேன்.

உளி என் இடது கையில் இருந்தது.

*

அந்த உளி வலது கைக்காரர்களுக்கு அடித்தது. இடது கையில் பிடித்து இழுத்தால் முக்கால் தூரம் ஒழுங்காக வரும். முடியும் இடத்தில் மூக்கு உள்ளே இறங்கிவிடும்.

எனக்குப் பன்னிரண்டு வயது. அம்மா பிள்ளைத்தாய்ச்சியாக இருந்தாள். காலிரண்டும் வீங்கி நடக்க முடியவில்லை. வேலைக்கு வராவிட்டால் தோட்டம் கொடுத்த லயத்து வீட்டைக் காலிசெய்யச் சொல்வார்கள். பெரட்டில் பேர் கூப்பிட்டதும் ‘இருக்கேன்’ என்பாள். காட்டுக்குள் போனதும் வாளியைக் கவிழ்த்து உட்கார்ந்துகொள்வாள். நான் வெட்டுவேன்.

ஏழு மாதம் வெட்டினேன். கோயில் மரம் நிரையில் கடைசி மரம். அதற்கு வரும்போது என் கை செத்திருக்கும்.

கிராணி எண்ணிய அன்று நான் மங்கு துடைக்கவில்லை. உளியோடு நின்றேன்.

“யாரு வெட்டுனது?” என்று கேட்டான்.

“நாந்தாங்க கிராணியாரே” என்றாள் அம்மா. வாளியிலிருந்து எழுந்திருக்கப் பார்த்தாள். முடியவில்லை.

கிராணி என் இடது கையைப் பார்த்தான். நன்றாகப் பார்த்தான். பன்னிரண்டு வயதுப் பயல் வெட்டுகிறான் என்று எழுதினால் துரைக்கு அவன் பதில் சொல்ல வேண்டும். அம்மாவின் பெயரை எழுதினான்.

எனக்கு வாய் இருந்தது.

அவன் போன பிறகுதான் மங்கை எடுத்துத் துடைக்க ஆரம்பித்தேன்.

அந்தப் பிள்ளையும் தங்கவில்லை.

இதையெல்லாம் டீச்சரிடம் சொன்னேன். சொல்லி முடிக்க, ஒரு காபி குடிக்கும் நேரம்தான் ஆனது. அறுபது வருடம் சொன்ன கதையைவிட இது சின்னது.

டீச்சர் உளியை என் கையிலிருந்து வாங்கவில்லை. நானாகத்தான் கீழே வைத்தேன்.

*

வெள்ளிக்கிழமை காலை பெட்டி கட்டுகிற ஆட்கள் வந்தார்கள். மரத்துக்குப் பஞ்சுத் துணி சுற்றினார்கள். ஒருவன் ஆணி இருந்த இடத்தில் துணியை இரட்டையாக மடித்துவைத்தான்.

டீச்சர் புது அட்டையோடு வந்தார். கையில் பேனா. அட்டையில் கையாலேயே எழுதியிருந்தார், இந்தமுறை தமிழ் மேலே இருந்தது.

தோல். ரப்பர் மரம். பதினோரு காயம். வெட்டிய கை:

அதற்கப்புறம் ஒன்றும் இல்லை.

“உங்க பேரக் காணோமே” என்றேன்.

“அது உங்களுக்குக் கீழ வரும். மொதல்ல உங்களது. என்ன எழுதட்டும்?”

“அம்மா பேரு வேணாம்.”

“செவ்வாக்கிழமை அதுக்குத்தான சண்டைக்கு வந்தீங்க.”

“காயத்துக்கு நேரா அவ பேர ஏற்கெனவே ஒருத்தன் எழுதிட்டான். ரெண்டாந்தடவ எழுத வேணாம்.”

“சரி. அப்ப உங்க பேரு. சொல்லுங்க. ஒரு மாசமாத் தப்பாக் கூப்புட்டேன்.”

பெட்டியின் மூடியைத் தூக்கிவந்தார்கள். நாங்கள் ஒதுங்கி நின்றோம்.

“வேணாம்” என்றேன்.

“அப்ப பேரு தெரியாத கூலின்னே போவட்டுமா?”

“அதுவும் வேணாம்.”

“அவங்க இன்னும் அஞ்சு நிமிஷத்துல மூடிருவாங்க, ஐயா. யாரு பேரத்தான் எழுதறது?”

“எந்தப் பேருன்னு இல்ல. யாரு எழுதறதுன்னுதான்.”

“யாரு?”

“தாமோதரம்.”

டீச்சர் பேனாவை மூடவில்லை.

“அவரு செத்து முப்பது வருசம்னு நீங்கதான சொன்னீங்க. எழவு வாசல்ல நின்னு பாத்தேன்னு சொன்னீங்க.”

“ஆமா.”

“அப்புறம் எப்படி?”

“என் கை அவனுக்குத் தெரியும். பாத்தான். பாத்துட்டு வேற பேர எழுதினான். அந்தப் பொஸ்தகத்துல என் பேரு வந்திருந்தா அம்மா மருந்தடிக்கப் போயிருக்கமாட்டா. நான் போயிருப்பேன். என் பேர அவன்தான் எழுதணும்.”

“நீங்க அன்னிக்கு வாயத் தொறந்திருந்தா?”

“அது என்னுது. அத நான் பாத்துக்குறேன். அவனுது அவன் இன்னும் செய்யல.”

ஆட்களில் ஒருவன் அட்டைக்காகக் கையை நீட்டினான்.

டீச்சர் பேனாவை மூடினார். தம் பெயரையும் எழுதவில்லை. அட்டையைக் கொடுக்கப் போனவர் நிறுத்தினார். ‘வெட்டிய கை’க்கு நேரே வெறுமையாக இருந்த இடத்தில் விரலை வைத்து, என்னைப் பார்த்தார்.

“எவ்வளவு எடம் விடட்டும்?”

“என் பேரு ஆறெழுத்து” என்றேன்.